போருக்குப் போய்வந்த ராணுவ வீரர்களின் மனபாதிப்பு பல வருடம் கழித்தும் இருக்குமா?

இருக்கும். எங்கள் வீட்டில் முப்பது வருடம் இருந்தது. நாங்கள் அதை 'மிலிட்டரிக் கோபம்' என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தோம்.

ஊர் வேலூர் பக்கம். பெரியப்பா 1987 கடைசியில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். இலங்கையில் இந்தியத் தரப்பில் மட்டும் சுமார் 1,200 வீரர்கள் இறந்தார்கள். ரோட்டு மதகுகளுக்கு அடியில் விடுதலைப் புலிகள் கண்ணிவெடி வைப்பார்களாம். அதனால் எங்கள் ஊர் ஏரிக்கரை மதகு வந்தாலே டிவிஎஸ் 50-ஐ நிறுத்தி இறங்கிவிடுவார். அடியில் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே கடப்பார். சின்ன வயதில் நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் கூசுகிறது.

தீபாவளி வெடிச்சத்தம், கெட்ட கனவு, வாசலுக்கு முதுகு காட்டி உட்காராதது எல்லாம் உண்டு. வியட்நாம் போன அமெரிக்க வீரர்களிடமும் இவற்றைத்தான் பார்த்தார்கள். அங்கே 1980-ல்தான் மனநல மருத்துவர்களின் கையேட்டில் இதற்கு பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தங்கிவிடும் மனபாதிப்பு) என்று பெயர் ஏறியது.

ஆனால் பெரியப்பாவைத் தின்றது வெடி இல்லை, பாஷை. அவர் செக்‌ஷனில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வீடு வீடாகச் சோதனை போடும்போது அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டு அழுதது மற்றவர்களுக்கு வெறும் கூச்சல், இவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியும். "புரியாதவன் தப்பிச்சான்டா" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உயிர்பயத்தால் வரும் காயம் வேறு. மனசாட்சிக்கு விரோதமாக ஒன்றைச் செய்தோமே, பார்த்துக்கொண்டு நின்றோமே என்பது வேறு. இரண்டாவதை 'மாரல் இஞ்சுரி' என்கிறார்கள். அதற்கு மாத்திரை மட்டும் போதாது.

1990 மார்ச்சில் படை திரும்பியபோது அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அங்கே தமிழர்கள் செத்திருக்கிறார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் டீக்கடையில் "நம்ம சனத்தையா சுட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டபோது, ஏற்கெனவே அதையே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன் என்ன பதில் சொல்வார்? டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

இன்னொன்று, வயதானால் தானாகக் குறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். பென்ஷன் வந்த பிறகு ஏடிஎம் வாட்ச்மேன் வேலை பார்த்தவரை ஓரளவு ஓடியது. அந்த வேலையும் நின்று வீட்டில் சும்மா உட்கார்ந்தபோதுதான் ராத்திரியில் கத்த ஆரம்பித்தார். ஓய்வுக்குப் பிறகு அமுங்கிக் கிடந்தது மேலே வருவது பலருக்கும் நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். இப்போது மாத்திரையும் கவுன்சலிங்கும் போகிறது. தூங்குகிறார். மதகில் மட்டும் இன்னும் இறங்குகிறார்.

முன்னாள் ராணுவத்தினர் என்றால், அவர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, தமிழிலேயே பேசலாம். 'மனநல டாக்டர்' என்றால் பெரியப்பா வந்திருக்கவே மாட்டார். தூக்கத்துக்கு மாத்திரை வாங்கலாம் என்று பொய் சொல்லித்தான் கூட்டிப் போனோம்.