போலந்து முதல் வியட்நாம் வரை: சிறு நிறுவனங்களின் உற்பத்தித்திறனை அளப்பது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: அரசுத் திட்டத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளின் சிறு, நடுத்தர நிறுவனத் தரவு எங்கே கிடைக்கும்?

பதில்: ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியும் உலக வங்கியும் 1999-இல் தொடங்கிய 'பீப்ஸ்' (BEEPS) என்ற, நிறுவனங்களின் தொழில்சூழலையும் செயல்பாட்டையும் பற்றிய கணக்கெடுப்பைப் பாருங்கள். அண்மைச் சுற்றுகளில் 5 முதல் 19 பேர் இருந்தால் சிறு நிறுவனம், 99 வரை நடுத்தரம். ஐரோப்பிய ஒன்றியமோ 249 பேர் வரை நடுத்தரம் என்கிறது. இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: விற்பனையை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா?

பதில்: போதாது. ரொட்டி சுடுகிறவரும் அதை வாங்கி விற்கிறவரும் ஒரே தொகைக்கு விற்கலாம். வாங்கிய சரக்கு, மின்சாரச் செலவைக் கழித்து, மிஞ்சும் மதிப்புக்கூட்டலை வகுங்கள்.

கேள்வி: கணக்கே பொய்யாக இருந்தால் கழித்து என்ன பயன்?

பதில்: நல்ல கேள்வி. லாத்வியா, பல்கேரியாவில் உறைச் சம்பளம் என்ற வழக்கம் உண்டு. ஏட்டில் கொஞ்சம், மீதி கையில் ரொக்கம். அந்த ரொக்கத்துக்காக விற்பனையை மறைத்தால் உற்பத்தித்திறன் குறைவாகத் தெரியும். ஆளை மறைத்தால் கூடுதலாகத் தெரியும். உக்ரைனில் இன்னொரு சிக்கல். ஊழியரையே தனிநபர் தொழில்முனைவோராகப் பதிவு செய்து ஒப்பந்தம் போடுவார்கள். அப்போது ஆள் எண்ணிக்கை குறையும். அவர் ஊதியமும் வெளியே வாங்கிய சேவையாகிக் கழிந்துபோகும். அதனால் நேரில் போய், உண்மையில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: (முந்தைய கேள்வியைக் கேட்டவரே) அதற்குப் பதில் மின்கட்டணத்தை வைத்து அளக்கலாமே?

பதில்: நாடு முழுவதற்கும், கணக்கில் வராத மறைமுகப் பொருளாதாரத்தை அப்படி மதிப்பிட்டிருக்கிறார்கள். தனி நிறுவனத்துக்கு ஒத்துவராது. சோவியத் கால இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதியது வைத்தால் மின்சாரம் குறைந்து உற்பத்தி கூடும். உங்கள் அளவுகோல் அதையே சரிவு என்று காட்டும்.

கேள்வி: ரஷ்யாவின் 90களை ரூபிளிலேயே ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. 1992-இல் மட்டும் விலைவாசி சுமார் 26 மடங்கானது. 1998-இல் 1,000 பழைய ரூபிள் 1 புதிய ரூபிளானது. அப்புறம், பணத்துக்குப் பதில் சரக்குக்குச் சரக்கு என்ற பண்டமாற்று வேறு. அந்தந்தத் துறையின் விலைக் குறியீட்டால், அதாவது விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்ணால், சரிசெய்யுங்கள்.

கேள்வி: ஆளுக்கு எவ்வளவு விற்பனை என்று பார்த்தால் சுலபம்தானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வாங்கியதைக் கழியுங்கள்.

கேள்வி: எந்த நாடு முதலிடம்?

பதில்: எந்தத் தொழிலில், எந்த ஆண்டில் என்று சொல்லுங்கள், பேசலாம்.

கேள்வி: வங்கிக் கடனுக்கு இந்த அளவு உதவுமா?

பதில்: அது என் துறை இல்லை. கணக்காயரைக் கேளுங்கள்.

கேள்வி: வியட்நாமில் கவனிக்க வேண்டியது?

பதில்: அங்கே குடும்பத் தொழில்களுக்குத் தனிப் பதிவு, நிறுவனக் கணக்கில் அவை வராது. பத்து வருடம் நடந்த கடை நிறுவனமாகப் பதிவானால், தரவில் புதிதாகப் பிறந்ததுபோல் தெரியும். பதிவு ஆண்டோடு, தொழில் தொடங்கிய ஆண்டையும் கேளுங்கள்.