இருட்டில் மட்டும் வழி தப்புகிறதே, ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு எட்டு மாதங்களுக்கு முன் சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. இப்போது நடை தேறிவிட்டது. பகலில் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். ராத்திரி எழுந்தால் மட்டும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அலமாரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார். மறதி நோயா டாக்டர்?

பதில்: நேரில் பார்க்காமல் 'இல்லை' என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய 'ராத்திரி மட்டும்' என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கண்ணை மூடிக்கொண்டு நாலு அடி நடந்து, இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று ஓரளவு தெரியும். திரும்பியதை உள்காது சொல்கிறது. எடுத்து வைத்த அடியைக் கால் தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போடுவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டு 'இங்கே இருக்கிறோம்' என்று காட்டும் இடச் செல்கள், நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இருக்கின்றன. 1971இல் அவற்றைக் கண்டறிந்த ஜான் ஓ'கீஃபுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்ற நரம்பு செல்கள் உண்டு. அவற்றில், கற்றலுக்குத் தேவையான ஒரு மாற்றம் மட்டும் நடக்காதபடி செய்யப்பட்ட சுண்டெலிகளை வைத்து நடந்த ஆய்வு அது. வெளிச்சத்தில் அவை சரியாகவே வழி கண்டுபிடித்தன. இருட்டில், தன் அசைவை மட்டுமே நம்ப வேண்டிய நேரத்தில், இடச் செல்கள் குழம்பின. சேர வேண்டிய இடத்துக்கு நேராகப் போக முடியவில்லை. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு, மூக்கைத் தொடு, நேர்க்கோட்டில் நட என்று சோதித்ததோடு நான் நிறுத்துவதில்லை. 'விளக்கை அணைத்தால் எப்படி இருக்கிறது?' என்றும் கேட்கிறேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் பலர் பேசத் தொடங்குவார்கள்.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையோரமாகச் சின்ன விளக்கு எரியட்டும். அலமாரி, நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். எழுந்ததும் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு சுவரைத் தொட்டபடி நடக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொல்லி, பார்வை, உள்காது, பாத உணர்ச்சி ஆகியவற்றையும், இரவில் போடும் மாத்திரைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று தலைசுற்றல், வாந்தி, நாக்குழறல், எல்லாம் இரண்டாகத் தெரிவது என்று எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.