ரிசர்வ் வங்கி மெயிலில் பணம் வருமா?

கேள்வி: ‘உங்கள் குடும்பத்துக்கு உரிமை கோரப்படாத டெபாசிட் ரூ.4,85,000 இருக்கிறது. கட்டணம் ரூ.6,500 செலுத்தினால் 24 மணி நேரத்தில் கணக்கில் ஏறும்’ என்று ரிசர்வ் வங்கி முத்திரையோடு மெயில் வந்திருக்கிறது. காலமான என் அப்பா டெபாசிட் போட்டிருந்தது உண்மை. கட்டலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதில்லை. பணம் தருவதாக மெயில் அனுப்புவதுமில்லை. இதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட், ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றப்படும். ஆனால் அதைத் திரும்பக் கேட்க வேண்டிய இடம் அப்பா டெபாசிட் போட்ட வங்கிதான். உரிமை கோரப்படாத டெபாசிட்டுகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் கொண்டுவந்த ‘உத்கம்’ தளத்தில் அவர் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். பெயர் இருந்தால், இறப்புச் சான்றிதழோடும் உங்கள் அடையாள ஆவணங்களோடும் கிளைக்குப் போங்கள்.

கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படி பதில் எழுதினால் சாக்குதான் வரும். (எழுதவும் வேண்டாம், உங்கள் முகவரி புழக்கத்தில் இருப்பது அவர்களுக்கு உறுதியாகிவிடும்.)

அனுப்புநர் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலுள்ள முழு மெயில் முகவரியைப் பாருங்கள். லிங்க்கைத் தொடாமல், கணினியில் அதன்மேல் மவுஸை வைத்தால் உண்மையான முகவரி தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘வங்கிபெயர்.பேங்க்.இன்.கிளெய்ம்பே.காம்’ என்றிருந்தால் தளம் கிளெய்ம்பே.காம் வைத்திருப்பவருடையது, முன்னால் உள்ளதெல்லாம் ஒப்பனை. இந்திய வங்கிகளின் தளங்கள் இப்போது ‘.பேங்க்.இன்’ என்றே முடிய வேண்டும். பூட்டுப் படத்தை நம்பாதீர்கள். மோசடித் தளத்துக்கும் அது கிடைக்கும்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ பார்த்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் முடிவுகள் தெரியும். மெயில் அது சொல்லும் டொமைனிலிருந்துதான் (இணையப் பெயரிலிருந்துதான்) வந்ததா என்று பார்க்கும் சோதனைகள் இவை. ‘ஃபெயில்’ என்றால் சந்தேகம் வலுக்கிறது. ‘பாஸ்’ என்றாலும் நிம்மதி வேண்டாம்: மோசடிக்காரர் சொந்த டொமைனிலிருந்து அனுப்பினாலும் பாஸ்தான்.

கேள்வி: இப்படி வந்த லிங்க்கில் கார்டு எண்ணும் ஓடிபியும் கொடுத்துவிட்டேன், பணம் போய்விட்டது. திரும்ப வருமா?
— வாசகர், ஓசூர்

பதில்: முதலில் வங்கி ஆப்பிலேயே கார்டை பிளாக் செய்யுங்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. பிறகு வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 2017 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை போன பணம் உங்கள் தலையில்; அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு.