லைன் கிராஃப்: எல்லா எண்ணையும் எழுத வேண்டுமா?

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். ரைட்டிங் டாஸ்க் 1-இல் லைன் கிராஃப் வந்தால் ஒவ்வோர் ஆண்டின் எண்ணையும் விடாமல் எழுதுகிறேன். 220 வார்த்தை தாண்டிவிடுகிறது. ஆனாலும் பயிற்சித் தேர்வுகளில் 5.5-க்கு மேல் ஏறவில்லை. ‘இன்கிரீஸ்’, ‘டிகிரீஸ்’ இரண்டையே திரும்பத் திரும்ப எழுதுவதுதான் காரணமா? புதுச் சொற்களை மனப்பாடம் செய்யட்டுமா?

பதில்: சொற்களை அப்புறம் பார்க்கலாம். ஒரு எண்ணையும் விடாமல் எழுதுகிறீர்களே, சிக்கல் அங்கேதான். முக்கிய அம்சங்களைத் தேர்ந்தெடுத்து எழுது, பொருந்தும் இடத்தில் ஒப்பிடு என்றுதான் வினாவே கேட்கிறது. ஓவர்வியூ, அதாவது மொத்தப் போக்கைச் சொல்லும் சுருக்கம், தெளிவாக இல்லாமல் விவரங்களை வரிசையாக ஒப்பித்தால் அது 5-ஆம் பேண்டின் (மதிப்பெண் நிலையின்) அடையாளம். 7 வேண்டுமென்றால் முக்கியப் போக்குகளைச் சொல்லும் தெளிவான ஓவர்வியூ இருந்தே ஆக வேண்டும்.

ஒரு கற்பனை கிராஃபை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகிறவர்களில் ரயிலில் செல்வோர் 2000-இல் 20 சதவீதம், 2020-இல் 45. பேருந்து 50-இலிருந்து 25-க்கு இறங்குகிறது. கார் 30-ஐ ஒட்டியே நிற்கிறது. ரயில் கோடும் பேருந்துக் கோடும் 2010-இல் 35-இல் வெட்டிக்கொள்கின்றன. இதற்கு ஓவர்வியூ இரண்டே வாக்கியம்: ரயில் ஏறியது, பேருந்து இறங்கியது, கார் பெரிதாக மாறவில்லை; தொடக்கத்தில் முதலிடத்தில் இருந்த பேருந்து கடைசியில் மூன்றாமிடத்துக்குப் போனது. ஓவர்வியூவில் எண்ணே தேவையில்லை. அதன் பிறகு வரும் பத்திகளில் தொடக்கம், முடிவு, உச்சம், கோடுகள் வெட்டும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் எண் கொடுங்கள். நடுவில் 2003, 2007 என்று வருகிற சின்ன மேடுபள்ளங்களைத் தைரியமாக விட்டுவிடலாம். கோட்டுக்கு ஒரு பத்தி என்று பிரிப்பதைவிட, ரயிலையும் பேருந்தையும் ஒரே பத்தியில் மோதவிட்டால் ஒப்பீடு தானாக வந்துவிடும்.

நான் அதிகம் பார்க்கும் பிழை ‘டு’, ‘பை’ போன்ற முன்னிடைச்சொல்லில்தான் (பிரெபொசிஷன்). மேலே சொன்ன ரயில் பயணம் ‘ரோஸ் டு 45 பெர்சென்ட்’. அதாவது 45-ஐத் தொட்டது. எவ்வளவு கூடியது என்று சொல்ல ‘பை’ வர வேண்டும். அங்கே ‘பை 25 பெர்சென்ட்’ என்று எழுதினால் கணக்கே தப்பு. 20 என்பது 45 ஆனால் உயர்வு 25 ‘பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்’; சதவீதக் கணக்கில் அது 125. குழப்பமாக இருந்தால் ‘மோர் தேன் டபுள்டு’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். பேருந்துக்கு ‘ஹால்வ்டு’.

அடுத்தது எழுவாய். ஏறியது பயணிகள் அல்ல, பயணிகளின் விகிதம். ‘தி பாசெஞ்சர்ஸ் இன்கிரீஸ்டு’ என்று எழுதாமல் ‘தி ப்ரொபோர்ஷன் ஆஃப்’ என்று தொடங்குங்கள். கிராஃப் எண்ணிக்கையைக் காட்டினால் ‘தி நம்பர் ஆஃப்’.

சரி, சொற்களுக்கு வருவோம். ரைஸ், ஃபால், பீக், ஃப்ளக்சுவேட், ‘ரிமெய்ன் ஸ்டேபிள்’ போலப் பத்துப் பன்னிரண்டு கைவசம் இருந்தால் போதும். ‘ரோஸ் ஷார்ப்லி’ என்பதை அடுத்த முறை ‘எ ஷார்ப் ரைஸ்’ என்று மாற்றினாலே வாக்கிய அமைப்பில் வேறுபாடு வந்துவிடும். 50-இலிருந்து 47-க்கு வந்ததை ‘பிளம்மெட்டட்’ (தடாலென்று சரிந்தது) என்று எழுதினால் மதிப்பெண் கூடாது, குறையத்தான் செய்யும். அச்சின் அளவுகோலையும் பாருங்கள். பூஜ்யத்தில் தொடங்காத கிராஃபில் சின்ன மாற்றம்கூடச் செங்குத்தாகத் தெரியும்.

முடிந்த ஆண்டுகளுக்கு இறந்தகாலம்; கணிப்பு என்றால் ‘இஸ் ப்ரொஜெக்டட் டு’. பேருந்து ஏன் குறைந்தது என்று காரணம் கற்பிக்க வேண்டாம், கிராஃபில் இல்லாத எதுவும் விடையில் வரக் கூடாது.

குறைந்தபட்சம் 150 வார்த்தை. 170, 180-இல் நிறுத்தலாம். முதல் இரண்டு மூன்று நிமிடம் பேனாவைத் தொடாமல் கோடுகளை மட்டும் பாருங்கள். டாஸ்க் 2-க்கு இதைப்போல் இரு மடங்கு மதிப்பு உண்டு, அதனால் 20 நிமிடம் ஆனதும் அதற்குப் போய்விடுங்கள்.