எட்டு இன்ச்சா, ஆறு இன்ச்சா?

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக அமெச்சூர் வானியல் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். மாதம் ஒரு வான்நோக்கல் இரவு. தலைவர் முக்கால் மணி நேரம் பேசுவார். அப்புறம் வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து விநாடி தொலைநோக்கியில் பார்ப்போம். போனமுறை ஆண்ட்ரோமெடா காலக்ஸி. சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான். சங்கத்தை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கி) வாங்கிவிடலாமா? கண்ணாடியின் அகலம் ஆறு இன்ச் போதுமா, எட்டு இன்ச்சா?

கே.

அன்புள்ள கே.,

தூக்க முதுகு ஒத்துழைத்தால் எட்டு இன்ச். ஆனால் அதிலும் ஆண்ட்ரோமெடா கறையாகத்தான் தெரியும். படங்களில் வரும் நிறமெல்லாம் கேமரா மணிக்கணக்கில் சேர்த்த ஒளி. கண் அப்படிச் சேர்க்காது. தலைவர் உரைக்கு மருந்து கிடையாது. விளக்கை அணைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள், அவர் முடிப்பதற்குள் உங்கள் கண்ணாவது இருட்டுக்குப் பழகியிருக்கும். வரிசையில் நின்றபோது மொபைலை நோண்டிக்கொண்டிருந்தீர்கள்தானே?

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். வருடம் முழுக்க அங்கே இருந்திருக்கிறீர்கள், நீங்களாக ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. யாராவது திருப்பிவைப்பார்கள், எட்டிப் பார்ப்பேன் என்றால் அதற்கு எதற்கு வானம்?

எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தொலைநோக்கி பக்கமே வரமாட்டார். ஒரு மடக்கு நாற்காலி, நோட்டு, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். மாறொளி விண்மீன்கள், அதாவது பிரகாசம் ஏறி இறங்கும் நட்சத்திரங்கள், எவ்வளவு பிரகாசமாக இருக்கின்றன என்று கணிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் சிவப்புத் தோளான திருவாதிரையும் அதில் ஒன்று. "திருவாதிரையை முறைக்காதே. சிவப்பு நட்சத்திரத்தை முறைத்தால் பிரகாசம் கூடிக்கொண்டே போவதுபோலத் தெரியும். சட்டென்று பார், விலகு. ரோகிணியைப் பார். ஓரியனின் காலில் இருக்கும் ரைஜெலைப் பார். இரண்டுக்கும் நடுவில் இது எங்கே நிற்கிறது? எண்ணை எழுது, நேரத்தை எழுது. நேற்று எழுதியதை மட்டும் புரட்டாதே, கை தானாக அதையே எழுதும்."

2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியபோது அந்தப் பயிற்சி கைகொடுத்தது. வழக்கமாக 0.5 ஒளியளவை ஒட்டி இருப்பது, 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கி, ஓரியனின் இன்னொரு தோளான பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாக நின்றது. (எண் கூடினால் மங்கல். இப்படித் தலைகீழாக வைத்தவர்களை இனித் திட்டிப் பயனில்லை.) நட்சத்திரம் தானே கக்கிய தூசு மறைத்துவிட்டது என்று பிறகு விளக்கினார்கள். இவ்வளவு பிரகாசமான நட்சத்திரம் ராட்சதத் தொலைநோக்கிகளின் உணரிகளுக்குக் கூசும். வெறுங்கண்ணும் நோட்டும் வைத்திருப்பவனுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

ராதா கோபிந்த சந்திரா தெரியுமா? இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஜெசூரின் கருவூலத்தில் சாதாரண ஊழியர். மூன்று இன்ச் தொலைநோக்கியோடு ஆரம்பித்தவர். மாறொளி விண்மீன்களைப் பற்றி 37,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை, அவற்றைத் திரட்டும் அமெரிக்கச் சங்கத்துக்கு (AAVSO) அனுப்பினார். அவர்களே பிறகு ஆறு இன்ச் கருவி ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தார்கள். நீங்கள் எட்டு இன்ச்சிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்!

சரி, திட்டியது போதும். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நோட்டோடு போங்கள். திருவாதிரை தெரியாத மாதம் என்றால் வேறு மாறொளி விண்மீன் ஏதாவது காட்டச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நிற்பவரும் தனித்தனியாக எண் எழுதுங்கள். ஒத்துப்போகாது. ஒப்பிட்ட நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டி இருந்ததா, நிலா எழுந்துவிட்டதா, யார் முறைத்துப் பார்த்தது என்று வாக்குவாதம் வரும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டுமே, அதனால் சங்கத்தை விடாதீர்கள்.