ஃபேண்டஸி நாவலில் தோழனின் இடம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியாகச் சொன்னால், நாவலுக்கான உலகத்தைத்தான் இவ்வளவு காலமும் எழுதிக்கொண்டிருந்தேன். வரைபடம், அரச வம்சங்கள், பஞ்சாங்கம், இரண்டு மொழிகளுக்கு இலக்கணம் எல்லாம் தனித்தனி நோட்டுகளில் இருக்கின்றன. மந்திரத்துக்கும் விதி உண்டு: ஒவ்வொரு முறை மந்திரம் செய்யும்போதும் செய்தவரின் நினைவுகளில் ஒன்று அழிந்துவிடும். முதல் ஐந்து அத்தியாயங்களை ஒரு நண்பரிடம் கொடுத்தேன். "உலகம் பிரமாதம், ஆனால் இதில் யார் செத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

என் நாயகன் நல்லவன், வீரன். நாட்டைக் காப்பாற்றப் பனிமலைக் கணவாயைத் தாண்டிப் போகிறான். கூடவே மூன்று நண்பர்கள்: ஒருவன் பலசாலி, ஒருத்தி அறிவாளி, ஒருவன் சிரிக்கவைப்பவன். எங்கே தப்பு? உலகத்தைக் கட்டுவதிலேயே நேரத்தை விட்டுவிட்டேனா? அல்லது இந்தக் காலத்தில் நல்லவனான நாயகன் எடுபடமாட்டானா, அவனிடம் கொஞ்சம் கெட்ட குணம் சேர்க்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் பெரிய உதவி செய்திருக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள். நோட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உலகத்தை அதிகமாக யோசித்ததால் ஒரு நாவல் கெட்டுப்போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. யோசித்த உலகம் ஆட்களின் உடம்பில் படாமல் பின்னால் திரைச்சீலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தால் கெட்டுப்போகும். கணவாயைத் தாண்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாளில் தாண்டினான், எதைத் தின்றான், கைச்சுமையில் எதை வழியில் விட்டான், யார் முதலில் "திரும்பிவிடலாம்" என்றது? அத்தியாயத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனை இந்தப் பேச்சில் தவிர்க்க முடியாது. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸை அவர் வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு, கதையை அதற்குப் பொருந்துகிறமாதிரி எழுதினார். 1944-ல் மகனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தன் கதையில் நிலா நடக்கமுடியாத காரியமெல்லாம் செய்கிறது, ஒரு பக்கம் உதிக்கிற அதே நேரத்தில் இன்னொரு பக்கம் மறைகிறது என்று சொல்லி, அதைத் திருத்தவே ஒரு மதியம் முழுக்கப் போய்விட்டது என்கிறார். வாசகர் யாரும் நிலாவைச் சரிபார்க்கப் போவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் தோழர்கள் பிரிந்து வெகுதூரத்தில் இரண்டு திசைகளில் போய்க்கொண்டிருக்கும்போது, இருவருக்கும் மேலே ஒரே இரவு இருந்தாக வேண்டும். இன்றிரவு எவ்வளவு இருட்டு, எவ்வளவு தூரம் நடக்கலாம், எதிரி கண்ணில் படுவார்களா என்பதெல்லாம் எழுதுகிறவருக்குத் தெரிந்தால்தான் நடக்கிறவனின் பயம் எழுத்தில் வரும்.

அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் வாளும் கிடையாது, மந்திரமும் கிடையாது. தீய மோதிரம் ஒன்றை எதிரியின் நாடான மோர்டோரில் இருக்கும் எரிமலையில் போட்டு அழிக்கப் போகிறான் ஃப்ரோடோ. அவனுடைய பணியாளும் தோழனுமான சாம் ஊரிலிருந்து கிளம்பும்போதே சமையல் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு வருகிறான். ஒரு சின்ன உப்புப் பெட்டிகூட வைத்திருக்கிறான். வழியில் முயல் கிடைத்தால் அதைச் சமைத்து ஃப்ரோடோவுக்குக் கொடுக்கிறான். மோர்டோருக்குள் வந்தபிறகு, இனி ஒரு அடி நடப்பதற்கே சுமையைக் குறைத்தாக வேண்டும் என்ற நிலையில், அத்தனை தூரம் முதுகில் வந்த பாத்திரங்களை நிலத்தில் இருந்த ஒரு பிளவுக்குள் போடுகிறான். அவை விழுகிற சத்தம் அவனுக்குச் சாவுமணி மாதிரி கேட்கிறது. திரும்பி வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, நமக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த நிலத்தின் வறட்சி, ஊருக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம், ஃப்ரோடோமேல் சாம் வைத்திருக்கும் அன்பு, எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருக்கின்றன. உலகம் தனி, நட்பு தனி, வீரம் தனி என்று அங்கே பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

டோல்கீன் முதல் உலகப்போரில், 1916-ல் பிரான்சின் சோம் போர்முனையில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர். பள்ளிக்காலத்திலிருந்து நெருக்கமாக இருந்த நால்வரில் இருவர் அந்த ஆண்டிலேயே போரில் இறந்துபோனார்கள். போரில் தான் பார்த்த சாதாரணச் சிப்பாய்களின், அதிகாரிகளுக்குப் பணிவிடை செய்தவர்களின் சாயல்தான் சாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். சாம் ஒரு 'துணைப் பாத்திரம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நல்லவனான நாயகன் எடுபடுவானா என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தாராளமாக எடுபடுவான். கெட்ட குணத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது. ஃப்ரோடோ நல்லவன்தான், ஆனாலும் கடைசி அடியில் அவன் தோற்றுப்போகிறான், மோதிரத்தை எரிமலையில் போடாமல் தனக்கென்று எடுத்துக்கொள்கிறான். அவ்வளவு தூரம் சுமந்தவனுக்கு அதற்குமேல் முடியவில்லை. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் காயம் ஆறுவதில்லை. அவனை யாரும் கெட்டவன் என்று நினைப்பதில்லை, சுமை எவ்வளவு என்பதைக் கூடவே நடந்து பார்த்துவிட்டோமே.

இனி நண்பர்கள். உங்கள் நாவலின் நோய் இங்கேதான் என்பது என் எண்ணம். பலசாலி, அறிவாளி, சிரிக்கவைப்பவன் என்பவை வேலைகள். வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் செத்தால் இன்னொருவரை எடுத்துக்கொள்ளலாம், வாசகருக்கு ஒன்றும் ஆகாது. நட்பு எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்டால், நீங்கள் அவ்வளவு பாடுபட்டு எழுதிய விதிகளிலிருந்தே வர வேண்டும் என்பேன். கர்ணன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கில் அர்ஜுனனோடு மோத வந்தவனிடம் குலம் கேட்கிறார்கள், அவன் தலை குனிகிறது. அந்த உலகத்தின் விதி அது. யார் யாரோடு மோதலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்கிறது. அந்த நொடியில் துரியோதனன் எழுந்து அங்க நாட்டைக் கொடுக்கிறான். அவனுடைய உள்நோக்கம் என்னவாகவும் இருக்கட்டும், விதி அழுத்திய இடத்தில் வந்து நின்ற ஒரே கை அது. பிறகு தன் பிறப்பு தெரிந்தும், தான் நிற்கும் பக்கம் தோற்கும் என்று தெரிந்தும் கர்ணன் நகரமாட்டேன் என்கிறானே, அந்த வீரம் அன்று அரங்கில் தொடங்கியது. குலம் கேட்கும் விதியை எடுத்துவிட்டால் அந்த நட்பே இல்லை, நட்பு இல்லையென்றால் கர்ணனும் இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய எர்த்சீ நாவலிலும் இப்படித்தான். அந்த உலகத்தில் ஒருவரின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவரை ஆட்டிவைக்கலாம், அதனால் யாரும் அதை வெளியே சொல்லமாட்டார்கள். கெட் என்ற இளம் மந்திரவாதி தன் செருக்கால் ஒரு பேராபத்தை அவிழ்த்துவிட்டு, உடம்பும் மனசும் உடைந்து கிடக்கும்போது, வெட்ச் என்ற நண்பன் தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்கிறான். ஆயுதம் தரவில்லை, அறிவுரை சொல்லவில்லை. கடைசிப் பயணத்தில் அவனே படகில் ஏறிக்கொள்கிறான். நீ தோற்றால் மற்றவர்களை எச்சரிக்க ஒருவன் வேண்டும், வென்றால் அதைப் பாட ஒருவன் வேண்டும் என்பது அவன் சொல்லும் நியாயம். வீரச்செயலுக்கு ஒரு சாட்சி வேண்டும், ஒரு தோழனைவிட நல்ல சாட்சி யார்?

அப்புறம், உங்கள் கையில் இருக்கும் விதியைப் பாருங்கள். மந்திரம் செய்தால் ஒரு நினைவு அழியும் என்கிறீர்கள். அருமையான விதி, அதை நோட்டிலேயே வைத்திருக்கிறீர்கள்! உங்கள் நாயகன் மந்திரம் செய்பவன் என்றால், அவன் மறந்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்கள்தான் அவனுடைய நண்பர்கள். சிரிக்கவைப்பவன் சின்ன வயதில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறான், எப்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிற நாயகன் அன்றைக்கு மரியாதைக்குச் சிரிக்கிறான். எது போய்விட்டது என்று இவனுக்குப் புரிகிறது. சொல்லலாமா வேண்டாமா? கணவாயில் பனிப்புயல் வரும்போது "நீ மந்திரம் செய்யாதே, நடந்தே போவோம்" என்று அவன் மறிப்பான், பலசாலி சுமப்பேன் என்பான், அறிவாளி அதற்கு உணவு போதாது என்று கணக்குப் போட்டுச் சொல்வாள். இப்போது சண்டை வந்துவிட்டது பாருங்கள், கணவாயும் நிஜமாகிவிட்டது. அவர்களில் ஒருவர் அவனிடம் பழைய நினைவைப் பொய்யாகச் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது, அவனுக்கு நல்லது என்று நினைத்தே.

ஒன்றை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த நினைவு அழியும் என்பதை மந்திரம் செய்பவர் தேர்ந்தெடுக்கலாமா, அல்லது அது தானாகப் போகுமா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. இரண்டும் இரண்டு வேறு நாவல்கள். எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது, ஏனென்றால் கடைசி மந்திரத்துக்கு அவன் யாருடைய முகத்தைக் கொடுப்பான் என்று இப்போதே பதறுகிறது. கணவாய் அத்தியாயத்தை மறுபடி எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்