தாத்தாவின் பயனெட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) கிடைத்தது. பிடியை ஒட்டி ஒரு கிரீடம், ஜி.ஆர்., 1907, கீழே 4 17, வில்கின்சன் என்று பொறித்திருக்கிறது. அலகு ஓர் அடி நீளம். 1907-இல் செய்த கத்தி தாத்தாவிடம் எப்படி வந்திருக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

முருகேசன், தென்காசி

அன்புள்ள முருகேசன்,

உப்புத்தாளைத் தூர வையுங்கள். நீங்கள் எனக்கு எழுதியனுப்பிய அத்தனை தகவலும் அது முதலில் அழித்துவிடுகிற இடத்தில்தான் இருக்கிறது. பழைய துணியில் கொஞ்சம் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

1907 என்பது மாடலின் பெயர், பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்காக வந்த மாடல். செய்த தேதி அந்த 4 17 தான்: 1917 ஏப்ரல். 1907-இல் பிரிட்டனை ஆண்டவர் ஏழாம் எட்வர்ட். உங்கள் கத்தியில் இருக்கும் ஜி.ஆர். என்பதோ ஜார்ஜ் மன்னரின் முத்திரை. வில்கின்சன், வாள் செய்து பேர் வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனி.

எனக்கு ஆர்வமூட்டியது நீளம்தான். இந்த மாடலின் அலகு 17 அங்குலம். லீ-என்ஃபீல்டு மற்ற நாட்டுத் துப்பாக்கிகளைவிடக் குட்டை. அந்தக் குறையைக் கத்தியில் ஈடுகட்டினார்கள். இரண்டாம் போரில் அந்த நீளமே தொந்தரவாகிவிட, இந்தியாவில் பழைய அலகுகளைச் சுமார் 12 அங்குலமாக வெட்டிக் கூர் தீட்டினார்கள். அலகின் பள்ளம் ஏறக்குறைய முனைவரை ஓடுகிறதா, பாருங்கள். ஓடினால் உங்களுடையதும் வெட்டியதுதான். (அந்தப் பள்ளம் ரத்தம் வடிய என்பார்கள். கதை! எடை குறைக்கத்தான்.) அப்படியானால் முதல் போருக்குச் செய்த கத்தி, இரண்டாம் போரில் தாத்தாவிடம் வந்ததில் வியப்பில்லை.

அதற்காக, பர்மாவில் இது யாரைக் குத்தியது என்றெல்லாம் கதை கட்டாதீர்கள். விற்பவர்கள் அப்படித்தான் விலையை ஏற்றுவார்கள். பிடியின் முனையிலோ குறுக்குக் கட்டையிலோ எழுத்தும் எண்ணும் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள், சில கத்திகளில் படைப்பிரிவின் அடையாளம் அங்கே இருக்கும். கூடவே தாத்தா படையிலிருந்து விடைபெற்றபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் தேடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கொண்டாட்டம்தான்.

அப்புறம், 2016-இன் ஆயுத விதிகளில் பயனெட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். உரிமம் வேண்டுமா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.